ஒரே பெட்டிக்கு மூன்று டை

என் அண்ணி உலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஆலையில் ஆளுக்கொரு வேலை நினைவுக்கு வந்துவிடும். மெஷின்காரருக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கும். பசை காய்ச்சுகிறவருக்கு அடுப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு லாரிக்காரரோடு அவசரமாகச் சண்டை போட வேண்டியிருக்கும். அண்ணி விடமாட்டார். திங்கட்கிழமை காலையில், மெஷின்கள் சூடேறுவதற்குள், எல்லாரையும் பாக்கிங் மேஜையைச் சுற்றி உட்காரவைத்து உலக நிலவரத்தைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

நாங்கள் செய்வது அட்டைப்பெட்டி. பிஸ்கட், பல்பு, சோப்பு, குழந்தைகளின் செருப்பு, எது கடைக்குப் போனாலும் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துதான் போக வேண்டும். அப்பா ஆரம்பித்த ஆலை. இப்போது அண்ணன் நடத்துகிறார். பேப்பர் வாங்குவது அண்ணி, செய்த பெட்டிகளை லாரியேற்றி அனுப்புவது நான். குடும்பத்தோடு தொழில் செய்வதில் ஒரு வசதி உண்டு. ஆலையில் பாதியில் விட்ட சண்டையைச் சாப்பாட்டு மேஜையில் தொடரலாம்.

கல்யாணமான புதிதில் அண்ணி ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். பணம் போடுகிறவர்களுக்கும் பெரிய கம்பெனி முதலாளிகளுக்கும் மாதாமாதம் ஓர் அறிக்கை எழுதுகிற வேலை. எந்த நாட்டில் வட்டி ஏறுகிறது, எண்ணெய் விலை எந்தப் பக்கம் போகிறது, யாருடைய பணம் சரிகிறது, அடுத்த வருடம் வியாபாரம் எப்படியிருக்கும், எல்லாம் அதில் இருக்கும். “அதை யாராவது படிச்சாங்களா அண்ணி?” என்று ஒருமுறை கேட்டேன். “முதல் பக்கத்துல இருக்கற படத்தைப் பாப்பாங்க. கோடு மேல போனா சந்தோஷப்படுவாங்க, கீழ போனா ஃபோன் பண்ணித் திட்டுவாங்க,” என்றார். பிறகு அந்த நிறுவனம் அறிக்கை எழுதும் பிரிவையே மூடிவிட்டது. அதே சமயம் எங்களுக்குப் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தவரும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆள் கிடைக்கிறவரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த அண்ணி இன்றுவரை ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

வேலை மாறினாலும் பழக்கம் மாறவில்லை. ஏதோ ஒரு பெரிய நாட்டின் மத்திய வங்கித் தலைவர் பேசுவதை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பார். “போன தடவை ‘பொறுமையா இருப்போம்’னு சொன்னார். இந்தத் தடவை அந்த வார்த்தையே இல்ல, கவனிச்சியா?” என்பார். நான் கவனித்தது சட்டைக் காலர் கருகும் வாசனையைத்தான். ஆலையில் அவருக்கு ‘வானிலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தது மெஷின்காரர். அது அண்ணிக்கும் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. அண்ணி ஒரு செய்தி சொன்னதும் மெஷின்காரர் “நமக்கென்ன?” என்று கேட்க வேண்டும். முதலில் கிண்டலாகத்தான் கேட்டார். அண்ணி அதையே சட்டமாக்கிவிட்டார். நமக்கென்ன என்பதற்குப் பதில் இல்லாத செய்தியைச் சொல்ல மாட்டார். “அங்க வட்டி ஏறுது.” நமக்கென்ன? “வட்டி எங்க அதிகமோ பணம் அங்க ஓடும். நம்ம பணம் மதிப்பு குறையும். நாம வாங்கற பேப்பர், வெளியிலேர்ந்து வர்ற பழைய அட்டையை அரைச்சுச் செய்யறது. அது விலை ஏறும். அதனால ஓரம் வெட்டறதைக் கொஞ்சம் கவனமா வெட்டுங்க.” எங்கேயோ ஒருவர் மைக் முன்னால் பேசியதற்கு எங்கள் ஆலையில் கத்தரிக்கோல் ஒரு நூல் தள்ளி வெட்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். ஒருமுறை சறுக்கியது. குறுகிய காலக் கடனுக்கு நீண்ட காலக் கடனைவிட வட்டி அதிகமாகிவிட்டது, இப்படியானால் வியாபாரம் படுக்கும் என்று அண்ணி அடித்துச் சொன்னார். அண்ணன் அப்போது ஒரு பிரிண்டிங் மெஷினுக்குப் பேசி முடிக்கிற நிலையில் இருந்தார். அண்ணி சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டார். வியாபாரம் படுக்கவில்லை. வருகிறது வருகிறது என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார், அது வரவே இல்லை. எங்களிடம் பல வருடமாகப் பெட்டி வாங்கிய சோப்புக் கம்பெனி, நிறம் போட்ட பெட்டிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆலைக்குப் போய்விட்டது.

அந்த ஆலை முதலாளிக்கு எங்கள் தொழிலில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். காலையில் கேட்டால் மாலையில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். நல்ல மனுஷர், வாய் நிறையச் சிரிப்பு. சோப்புக் கம்பெனியை அவர் எடுத்துக்கொண்டதில் தப்பொன்றும் இல்லை, நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். “குடையைப் பிடிச்சுக்கிட்டே வெயிலைக் கோட்டை விட்டோம்” என்று மெஷின்காரர் சொன்னதற்கு அண்ணியும் சேர்ந்து சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணியை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டித் தீர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சோப்பு விளம்பரப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் காரில் ஒரு சத்தமும் இருக்காது.

பிறகு அந்த வருடம் வந்தது. உலகம் முழுக்கத் துறைமுகங்களுக்கு வெளியே கப்பல்கள் வரிசையில் நின்றன. சாமான் வரத் தாமதம், வந்தாலும் விலை அதிகம். எங்களுக்கோ கொண்டாட்டம். ஃபோன் ஓயவில்லை. பிஸ்கட் கம்பெனி கேட்கிறது, பல்புக் கம்பெனி கேட்கிறது, முன்பெல்லாம் விலையைக் குறை என்று உயிரை எடுத்தவர்கள் “விலையைப் பத்திக் கவலைப்படாதீங்க, பெட்டியை அனுப்புங்க” என்கிறார்கள். நான் இத்தனை வருடத்தில் கேட்டிராத வாக்கியம் அது. லாரிக்காரர்கள் என்னை மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அண்ணன் மாறிப்போனார். நடையே வேறு மாதிரி ஆகிவிட்டது. அட்டையைத் தானே இழுத்து, தானே வெட்டி, தானே அடுக்கித் தள்ளுகிற மெஷின் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது என்று முடிவு செய்தார். கடனும் வெளிநாட்டுப் பணத்தில், ஏனென்றால் அங்கே வட்டி குறைவு. குறைவுதான், ஆனால் நிலையில்லாத வட்டி. அங்கே ஏறினால் இங்கே நமக்கும் ஏறும். அடமானத்துக்கு எங்கள் வீடு. அப்பா அந்த வீட்டை அண்ணன் பேரிலும் என் பேரிலும் எழுதியிருந்தார், அதனால் என் கையெழுத்தும் வேண்டும். வெள்ளிக்கிழமை வங்கிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சின்ன ஆலை, சின்ன ஆலை என்று எத்தனை நாள் பேச்சு வாங்குவது? கையெழுத்துப் போடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். அந்தத் திங்கட்கிழமை உலக நிலவரத்தைக்கூட அரைகுறையாக முடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் நானும் அண்ணியும் டைக்காரரிடம் போனோம். டை என்பது எங்கள் தொழிலில் பெட்டியின் அச்சு. ஒட்டுப்பலகையில் பெட்டியின் உருவத்தை அறுத்து, அந்தப் பிளவில் எஃகுத் தகடுகளைப் பதித்திருப்பார்கள். அதை அட்டைமேல் அழுத்தினால் வெட்டும் விழும், மடிப்புக் கோடும் விழும். எந்த ஆலைக்கு எந்தப் பெட்டி ஆர்டர் வந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் அவருடைய பட்டறை. இந்த வட்டாரத்தில் இருக்கிற ஆலைகளுக்கெல்லாம் அவர் ஒருவரே டை கட்டுகிறார். அதனால் அவருக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. ஒருவர் டையை இன்னொருவர் பார்க்கக் கூடாது. தகடுப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பித்தான் சாய்த்து வைப்பார். எங்கள் ஆட்களும் அந்தப் பட்டறைக்குள் போனால் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்தவர் டையைப் பார்ப்பது அடுத்தவர் தட்டைப் பார்ப்பது போல.

அன்று பட்டறையில் காலை வைக்க இடமில்லை. வேலை தலைக்கு மேல் போயிருந்தது. சுவரெல்லாம் நிறைந்து, ஜன்னலோரத்தில் சில டைகள் திறந்தபடியே நின்றன. பிஸ்கட் கம்பெனி எங்களிடம் ஒரு புதுப் பெட்டி கேட்டிருந்தது. ஆறு மூலை, மேலே கைபிடிக்க இலை வடிவில் ஒரு துளை. அதற்கான டையை எடுக்கத்தான் போயிருந்தோம். ஜன்னலோரத்தில் ஆறு மூலை டை நின்றது. அதன் பக்கத்திலும் ஆறு மூலை. அதற்குப் பக்கத்திலும்.

“இதுல எங்களது எதுண்ணே?” என்று கேட்டார் அண்ணி.

“நடுவுல இருக்கறது.”

“மத்தது?”

“மத்தது மத்தவங்களது.”

“அளவு ஒண்ணா இருக்கே.”

“தங்கச்சி, நான் கண்ணாடி போடாம வேலை செய்யறவன். அளவெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க,” என்றார் டைக்காரர். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது.

அண்ணி குனிந்து ஒவ்வொரு இலைத் துளையிலும் கையை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பல்புப் பெட்டி டையும் ஜோடியாக நின்றதை நான் அப்போதுதான் கவனித்தேன், செருப்புப் பெட்டி டையும் அப்படியே.

வெளியே வந்ததும் நான், “பிஸ்கட் நல்லா விக்குது போல அண்ணி. அதான் மூணு இடத்துல செய்யறாங்க,” என்றேன்.

“பிஸ்கட் திங்கற வாய் மூணு மடங்காகலையே.”

வெயிலில் நின்றபடியே சொன்னார். “கப்பல் வரலன்னதும் கடைக்காரர் பயப்படறார். தேவைக்கு மேல ஒரு பங்கு சேத்துக் கேக்கறார். கம்பெனிக்காரங்க அதைப் பாத்துட்டு விற்பனை பிச்சுக்கிட்டுப் போகுதுன்னு நினைச்சு இன்னும் ஒரு பங்கு சேத்துக்கறாங்க. ஒருத்தர்கிட்ட சொன்னா பெட்டி கிடைக்காதுன்னு மூணு பேர்கிட்ட சொல்றாங்க. நாம மூணு ஆலைக்காரங்களும் ஆளுக்கு ஒரு மெஷின் வாங்க ஓடறோம். விக்கறது வேற, வாங்கி அடுக்கறது வேற. கப்பலெல்லாம் ஒழுங்கா வர ஆரம்பிச்சிடுச்சுன்னா அடுக்கினதை முதல்ல தீர்ப்பாங்க. அதுவரைக்கும் ஒரு பெட்டி கேக்க மாட்டாங்க.”

வெள்ளிக்கிழமை அடமானம் வைக்கப்போகிற வீடு நினைவுக்கு வந்தது. என் வீடு அது. அதில்தான் என் பிள்ளை படிக்கிறான்.

சாப்பாட்டு மேஜையில் அண்ணி விஷயத்தைச் சொன்னார். அண்ணன் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார். கடைசியில், “நீ போன தடவையும் இப்படித்தான் சொன்ன,” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னது அன்றுதான் முதல் முறை. எனக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

“ஆமா, போன தடவை தப்பாத்தான் சொன்னேன்,” என்றார் அண்ணி. “அப்போ உலகம் இப்படிப் போகும்னு அடிச்சுச் சொன்னேன். இப்போ அப்படிச் சொல்லல. எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதுங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். ஆர்டர் பாதியாகி, வட்டியும் ஏறி, நம்ம பணமும் சரிஞ்சா நாம தாங்குவோமா?”

“மூணும் ஒண்ணா எப்படி வரும்? ஏதாவது ஒண்ணு வரும், சமாளிச்சுக்கலாம்.”

“தனித்தனியா வராதுங்க. மூணும் ஒரே வீட்டு ஆளுங்க. விலைவாசி ஏறினா அங்க வட்டியை ஏத்துவாங்க. வட்டியை ஏத்தினா ஜனங்க வாங்கறதைக் குறைப்பாங்க, பணமும் இங்கேர்ந்து அங்க ஓடும். நாம வாங்கப்போற கடன் அந்த நாட்டுப் பணத்துல இருக்கு. ஒரே அடியில மூணு பக்கமும் விழும்.”

அண்ணன் மோர் கேட்டார். பேச்சை முடிப்பதற்கு அவர் வைத்திருக்கிற வழி அது.

அண்ணி முடிக்கவில்லை. மறுநாள் காலை அண்ணன் பல் தேய்க்கும்போது குளியலறை வாசலில் நின்று சொன்னார். காரில் சொன்னார். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார். அண்ணன் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனார். வாழ்நாளில் துணி காயப்போட்டிராத மனுஷர். அண்ணி கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். குரலை உயர்த்துவது கிடையாது, அழுவது கிடையாது, ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்கிறவனுக்குக் கோபப்படக்கூட ஒரு பிடி கிடைக்காது. எனக்கே ஒரு கட்டத்தில் அண்ணன்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டி எக்ஸ்பிரஸ் ஆலைக்குப் போனார். அவரும் அதே மெஷினுக்குக் கேட்டிருக்கிறார் என்று மெஷின் கம்பெனி ஏஜெண்ட் எங்களிடம் ஆசை காட்டுவதற்காகச் சொல்லியிருந்தார். நான் தடுத்துப் பார்த்தேன். “அவர் வாங்கினா நமக்கென்ன அண்ணி?”

“அவரும் அதே பெட்டியைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கார். தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லாம இருந்தா நல்லா இருக்காது.”

எக்ஸ்பிரஸ் எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவருடைய அறை கண்ணாடி அறை. அதன் வழியாகப் பார்த்தால் புது மெஷினுக்காகத் தரையைத் தோண்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அண்ணி மூன்று டையையும் பார்த்ததைச் சொன்னார். கப்பலைச் சொன்னார், வட்டியைச் சொன்னார். எக்ஸ்பிரஸ் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. இந்த யோசனை உங்களோடதா, உங்க வீட்டுக்காரரோடதா?”

“என்னோடதுதான்.”

“நல்ல யோசனை. நான் மெஷின் வாங்கறதை நிறுத்திடுவேன். நீங்க வாங்கிடுவீங்க. எல்லா ஆர்டரையும் நீங்களே அள்ளிக்கலாம்.”

“நாங்களும் வாங்கக் கூடாதுன்னுதான் அவர்கிட்ட சொல்லிட்டிருக்கேன்.”

“சொல்லுங்க, சொல்லுங்க,” என்று சிரித்தார். “சோப்புக் கம்பெனி விஷயம் உங்களுக்கு மனசுல இருக்கும்னு எனக்குத் தெரியும். தொழில்னா அப்படித்தான். டீ ஆறுது, குடிங்க.”

அண்ணி டீயைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லது சொல்லப் போய்ச் சூதுக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு வருவதா? “சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. அதுக்கு மேல அவர் இஷ்டம்,” என்றார் அண்ணி. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

வீட்டில் அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் ஆடித் தீர்த்துவிட்டார். போட்டிக்காரனிடம் போய் நம் வீட்டுக் கதையைப் பேசுவதா என்று கத்தினார். அடுத்த நாளே எக்ஸ்பிரஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று ஏஜெண்ட் ஃபோனில் சொன்னார். “நீங்க எப்ப சார்?” என்று வேறு கேட்டார். அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணி அப்போதும் விடவில்லை. அண்ணனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “வாங்குங்க, ஆனா பிஸ்கட் கம்பெனிக்காரரை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்து வாங்குங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல,” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அண்ணன் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை நானும் அண்ணனும் ஆறு மூலைப் பெட்டியின் மாதிரியை எடுத்துக்கொண்டு பிஸ்கட் கம்பெனிக்குப் போனோம். அங்கே பெட்டி வாங்கும் அதிகாரி எங்களுக்கு நாற்காலி காட்டிவிட்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரியின் மேல் தட்டில் இரண்டு ஆறு மூலைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. மூன்றாவது அண்ணன் மடியில் இருந்தது.

“மூணு பேர்கிட்டயும் முழுசாக் கொடுத்திருக்கீங்களா சார்?” என்று கேட்டார் அண்ணன்.

அதிகாரி கொஞ்சமும் கூசவில்லை. “பின்ன? யார் முதல்ல தர்றாங்களோ அவங்களோடதை எடுத்துக்குவோம். மத்ததை நிறுத்திடுவோம். கோச்சுக்காதீங்க, மாவு மில்லுலயும் நாங்க இப்படித்தான் சொல்லி வெச்சிருக்கோம். எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க இப்போ?”

அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து, வங்கிக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்த பத்திரத்தை என்னிடம் நீட்டி, “பீரோல வை,” என்றார். அடுக்களையில் இருந்த அண்ணியிடம் போய் மோர் கேட்டார். அண்ணி கொடுத்தார். நான் பீரோவைப் பூட்டிவிட்டு என் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். நிம்மதி வந்தாலும் எனக்கு அழுகைதான் வரும்.

அதற்குப் பிறகும் சில மாதங்கள் ஆர்டர் கொட்டியது. அண்ணன் தினமும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். உன் அண்ணி இரண்டாவது முறையும் கவிழ்த்துவிட்டாரா என்று அதற்கு அர்த்தம். பழைய மெஷின்களையே இரண்டு ஷிஃப்ட் ஓட்டினோம். எக்ஸ்பிரஸ் ஆலையில் புது மெஷின் வந்திறங்கியது. அந்தச் சத்தம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டதாக மெஷின்காரர் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் கற்பனை அதிகம்.

பிறகு துறைமுக வரிசை கரைந்தது. அண்ணி திங்கட்கிழமை அதைச் சொன்னபோது “நமக்கென்ன?” என்று மெஷின்காரர் கேட்டார். அந்த வாரமே பதில் வந்துவிட்டது. பிஸ்கட் கம்பெனி ஒற்றை வரிச் செய்தி அனுப்பியது: மறு தகவல் வரும்வரை அனுப்ப வேண்டாம். பல்புக் கம்பெனி அந்த ஒரு வரியைக்கூட அனுப்பவில்லை, ஃபோனை எடுப்பதையே நிறுத்திவிட்டது. பெரிய நாடுகளில் வட்டியைப் படிப்படியாக ஏற்றினார்கள், எங்கள் பணம் சரிந்தது. அண்ணி சொன்ன ஒரே வீட்டு ஆளுங்க மூன்று பேரும் ஒன்றாக வந்து வாசலில் நின்றார்கள். நாங்கள் இரண்டாவது ஷிஃப்டை நிறுத்தினோம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். ஆலை நின்றது, வீடும் நின்றது. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

எக்ஸ்பிரஸால் தாங்க முடியவில்லை. வெளிநாட்டுக் கடன், ஏறிய வட்டி, வேலையில்லாமல் நின்ற மெஷின். முதலில் மெஷினை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஆலையை. அவருடைய வீடும் அடமானத்தில் இருந்தது என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். அவருடைய ஆட்களில் சிலர் எங்களிடம் வேலை கேட்டு வந்தார்கள். எங்களிடம் இருந்த வேலையே எங்கள் ஆட்களுக்குப் போதவில்லை.

ஒருநாள் காலையில் அவரே வந்தார். குடோனில் மிச்சமிருக்கிற பேப்பர் ரோல்களை விற்க வேண்டும், எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பேப்பர் விலை அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் பாதிக்கு வாங்கலாம், அவராலும் மறுக்க முடியாது என்று, அவர் விற்கப்போவதைக் கேள்விப்பட்ட அண்ணன் முன்தினமே சொல்லியிருந்தார். அண்ணி, “இன்னிக்கு என்ன விலையோ அதுக்கே எடுத்துக்கறோம்ண்ணே,” என்றார். அண்ணன் அங்கேதான் நின்றார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

டீ வந்தது. எக்ஸ்பிரஸ் இளைத்திருந்தார். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் லாரிக்கு ஆள் சொல்லிவிட்டு வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு நீங்க சொன்னது அத்தனையும் நிஜம் தங்கச்சி. நான்தான் தந்திரம்னு நினைச்சுட்டேன்,” என்றார்.

“உங்க இடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.”

“அதுவும் சரிதான்.” டம்ளரைக் கையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். “ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. உங்க வீட்டுக்காரரும் முதல்ல நம்பலையாமே. ஏஜெண்ட் சொன்னான்.”

“நம்பல.”

“அவர்கிட்ட எத்தனை தடவை சொன்னீங்க?”

அண்ணி ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அது வராது.

“தினமும்,” என்றார். “அவர் கேக்கற வரைக்கும் சொன்னேன்.”

எக்ஸ்பிரஸ் தலையை ஆட்டினார். கோபமெல்லாம் இல்லை. ஒரு கணக்கு டேலி ஆன மாதிரி ஆட்டினார். “என்கிட்ட ஒரு தடவை சொன்னீங்க,” என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, ரோல்களை எடை போடும் இடத்துக்கு எழுந்து போனார்.

அண்ணி அவர் பின்னாலேயே எழுந்தார். பாக்கிங் மேஜை வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கேயே நின்றுவிட்டார். மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன்.